வார்னிஷ் ரூம்

மார்ச் 6, திங்கள்

தலைவலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டிஸ்பென்சரி டாக்டரம்மா. கல்யாணமாகிப் போன மகளுடைய காலேஜ் நோட்டு ஒன்று பாதி எழுதாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

இன்று பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. வீடு வரும்வரை விடவில்லை. வெயில்தான்.

மத்தியானம் முதலாளி ஆபீசுக்குக் கூப்பிட்டார். தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். பதினெட்டு வருஷமாக அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். ஆவாரம்பாளையத்தில் ஒரே ஒரு லேத் மிஷினோடு ஆரம்பித்தவர் நாச்சிமுத்து அண்ணா. இன்று நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறோம். மோட்டாருக்குக் காயில் சுற்றும் வைண்டிங் செக்‌ஷனில் பதிமூன்று பெண்கள். அவர்களுக்கு சூப்பர்வைசர் நான்.

"அம்மிணி, உன்ற செக்‌ஷன்ல சங்கம் கிங்கம்னு பேச்சு வருதாமே?"

"எனக்குத் தெரியலீங்கண்ணா."

"உன்னை வேவு பாக்கச் சொல்லலை. கண்ணுல பட்டா காதுல போடு. அவ்வளவுதான்."

சூப்பர்வைசர் என்றாலே பார்த்துக்கொள்கிறவள்தானே. இதில் வேவு என்ன இருக்கிறது?


மார்ச் 7, செவ்வாய்

இரண்டு மணியிலிருந்து தலைவலி. டீ நேரத்தில் தண்ணீர்த் தொட்டி பக்கம் ஏழெட்டுப் பேர் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு டிவி சீரியலுக்கு மாறியது. அந்த சீரியல் முடிந்து ஒரு மாசம் ஆகிறது.


மார்ச் 9, வியாழன்

பத்தரைக்கே ஆரம்பித்துவிட்டது. மாத்திரை போட்டேன்.

இவர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் நான் இல்லை. பூங்கொடியின் போன் டேபிள் மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்தில் போனதும் கவிழ்த்து வைத்தாள். பூங்கொடிக்கு முப்பத்திரண்டு வயது. பிளஸ் டூ படித்தவள், கை சுத்தம், நாள் ஒன்றுக்கு மற்றவர்களைவிட இரண்டு மோட்டாரின் ஸ்டேட்டர் கூடச் சுற்றுவாள். வேலை தெரிந்தவர்களுக்கு வாயும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

"என்ன ரகசியம் பேசறீங்க பூங்கொடி?"

"ரகசியமெல்லாம் இல்லீங்க்கா. சாந்தாமணிக்குத் தலை சுத்துதாமா. அதத்தான் பேசிட்டிருந்தோம்."

தலை சுற்றுவதைப் பற்றிப் பேச எதற்கு ஒரு குரூப்? நான் நம்பவில்லை.


மார்ச் 12, ஞாயிறு

தலைவலி இல்லை. போர்வைகளைத் துவைத்துப் போட்டேன். கோழிக் குழம்பு.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சங்கப் பேச்சைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இவர் பதினாறு வருஷம் மில்லில் இருந்தவர். ஸ்ட்ரைக் செய்தார்கள். மில்லை மூடிவிட்டார்கள். அதிலிருந்து ஆட்டோ. முதலாளி என்ற வார்த்தையைக் கேட்டாலே இவருக்கு முகம் மாறிவிடும்.

"மொதலாளி காபி ஊத்திக் குடுத்தாரா? அப்ப என்னமோ வேலை இருக்குது."

"நம்ம புள்ளைக்கு டெங்கு வந்தப்ப யாரு காருல தூக்கிட்டுப் போனாங்க? நீங்களா, உங்க சங்கமா?"

"அவரு நல்லவரு இல்லைன்னு நான் சொன்னனா? நல்லவரோ கெட்டவரோ, நாற்காலி அந்தப் பக்கம் கிடக்குது. அங்க உக்காந்தா அப்படித்தான் தெரியும்."

இந்த மனுஷனுக்கு உலகமே இரண்டு பக்கம்தான்.


மார்ச் 14, செவ்வாய்

தலைவலி, காலை முதல்.

அண்ணா கேட்டார். தொட்டி பக்கம் கூடுகிறார்கள், குரூப் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. "பூங்கொடியா?" என்று அவரே கேட்டார். நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது சொன்னதாகுமா?


மார்ச் 18, சனி

பூங்கொடியை ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும் பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் கையால் சுற்றிய காயில் ஒன்றுகூட திரும்பி வந்ததில்லை. அங்கே அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டவேண்டும். ஆள் பற்றாக்குறை என்று சொன்னார் ஸ்டோர் கீப்பர் கணேசமூர்த்தி.

போகும்போது கத்தரிக்கோலையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டாள். என்னிடம், "வர்றனுங்க்கா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்கு இடம் விட்டார்கள். ஆனால் யாரும் தங்கள் குழம்பை என் பக்கம் தள்ளவில்லை.

அவளைப் பற்றி அண்ணாவிடம் போட்டுக் கொடுத்தது கணேசமூர்த்தியாகத்தான் இருக்கும். ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தால் தொட்டி நன்றாகத் தெரியும்.


மார்ச் 21, செவ்வாய்

சாந்தாமணி வந்து வார்னிஷ் ரூம் ஃபேனைப் பற்றிக் கேட்டாள். சுற்றி முடித்த ஸ்டேட்டர்களை வார்னிஷில் முக்கி எடுத்து ஓவனில் காயவைக்கும் வேலை அவளுடையது. எங்கள் ஹாலை ஒட்டிய சின்ன ரூம். நடுவில் கதவுகூட இல்லை, ஒரு பிளாஸ்டிக் திரைதான். புகையை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் பொங்கலிலிருந்து ஓடவில்லை. ஜன்னல் ஒன்று இருந்தது. பின் வீட்டுக்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்ததால் அதை ஆணி வைத்து அடித்தாகிவிட்டது.

"ரெண்டு மாசமா வருது வருதுன்னு சொல்றீங்களேக்கா. உள்ள நின்னா நெஞ்சு கரிக்குதுங்."

அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஆர்டர் போட்டாச்சு அம்மிணி. ஆனா ஒண்ணு கவனிச்சியா? இத்தனை வருஷம் இல்லாத நெஞ்செரிச்சல் இப்ப எங்கிருந்து வருது? இதெல்லாம் சங்கத்துக்காரனுக சொல்லிக் குடுக்கறது. மொதல்ல ஃபேன், அப்பறம் கொடி."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாந்தாமணி இதுவரை வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள்.

தலைவலி மூன்று மணியிலிருந்து. கண்ணும் எரிகிறது. கண்ணாடி மாற்றவேண்டும்.


மார்ச் 26, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போய் வந்தோம். தலைவலி இல்லை. மத்தியானம் அங்கேயே அசந்து தூங்கிவிட்டேன்.


மார்ச் 29, புதன்

வைண்டிங் டேபிள் டிராயரில் அளவு டேப் தேடினேன். மடித்த தாள் ஒன்று இருந்தது. மேல் மடிப்பை நான் பிரிக்கவில்லை. கீழே பெயர்கள் தெரிந்தன. பதினொரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராகக் கையெழுத்து. முதல் பெயர் பூங்கொடி. இரண்டாவது சாந்தாமணி.

போனில் ஒரு படம் எடுத்தேன். எதற்கென்று தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.

தலைவலி.


மார்ச் 30, வியாழன்

படம் எடுத்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணா போனைக் கேட்டார். கொடுத்தேன்.


மார்ச் 31, வெள்ளி

வேலை முடிய அரை மணி இருக்கும்போது அண்ணாவே ஹாலுக்கு வந்தார். மிஷின்களை நிறுத்தச் சொன்னார்.

"நானும் கை கறுத்து வேலை செஞ்சவன்தான். உங்களை என்ற ஊட்டு ஆளுகளாத்தான் நினைச்சிருக்கேன். ஏதாச்சும் குறைன்னா நேரா எங்கிட்ட வந்து சொல்லுங்க. பதினோரு பேரு கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். என்ற முதுகுக்குப் பின்னால பண்ணற வேலை வேண்டாம்."

பதினோரு என்று அவர் சொன்னதும் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.


ஏப்ரல் 5, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கோடை சீசன். திருச்சிக்கு இருநூறு மோட்டார் வெள்ளிக்கிழமைக்குள் போகவேண்டும். காலையில் சாந்தாமணி முகம் வெளுத்துப் போய் வந்தாள். பங்குனி உத்திரம் என்று வீட்டில் சமைக்காமல் வந்துவிட்டாளாம். என் உப்புமாவில் பாதியைப் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டாள். "கொஞ்ச நேரம் வெளிய உக்காந்துக்கட்டுமாக்கா?" என்றாள். பத்து மணி லாட் நிற்கிறது, முக்கிவிட்டு வந்து உட்கார் என்று நான்தான் சொன்னேன்.

பத்தே முக்கால் இருக்கும். திரைக்குப் பின்னால் தட்டு விழுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். ஓவன் கதவு திறந்து கிடந்தது. அதில் கை பட்டபடி கீழே கிடந்தாள். நெற்றியில் ரத்தம். உள்ளே மூச்சு விட முடியவில்லை. எனக்கே கால் தள்ளாடியது. இரண்டு பேராக இழுத்து வெளியே போட்டோம். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வெந்துபோயிருந்தது.

அண்ணா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். அவரே அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போய்க் காரில் படுக்க வைத்தார். வழி முழுக்க, "சாந்தாமணி, கண்ணை மூடாத, பேசு, உன்ற பையன் பேரு என்ன, பேசு" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் சாயந்தரம்வரை நின்றார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். நான் பார்த்தேன்.

இவரைப் போய் எதிரி என்று யாராவது சொன்னால் நான் எப்படி ஒத்துக்கொள்வது?


ஏப்ரல் 6, வியாழன்

வைண்டிங் செக்‌ஷனுக்கு லீவு விட்டிருந்தார். என்னை மட்டும் மத்தியானம் வரச் சொன்னார்.

வார்னிஷ் ரூமில் புது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சுவரைப் பெரிதாக இடித்து, பொருத்தி, பூசியிருந்தார்கள். சிமெண்ட் ஈரம் காயவில்லை. பொங்கலிலிருந்து வராத ஃபேன் ஒரே காலையில் வந்துவிட்டது.

அண்ணா ஒரு தாளை நீட்டினார். டைப் அடித்தது. விபத்து நடந்த அன்று ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தொழிலாளி உத்திர விரதம் இருந்ததால் மயங்கி விழுந்தார். கீழே என் பெயர்.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு அம்மிணி. கம்பெனிக்கு சீல் வெச்சா நாப்பது குடும்பம் தெருவுல நிக்கும். அவ வைத்தியம் முழுக்க என்ற பொறுப்பு. நீ ஒரு கையெழுத்துப் போடு, போதும்."

"நாளைக்குப் போடறனுங்கண்ணா. கண்ணாடி கொண்டாரலை" என்றேன். கண்ணாடி பையில்தான் இருந்தது.

வெளியே வரும்போது ஸ்டோர் வாசலில் கணேசமூர்த்தி நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அந்த ஃபேன் பிப்ரவரி மாசமே வந்துருச்சுங்க. என்ற ஸ்டோர்லதான் இருந்துச்சு. மாட்டோணும்னா செவுத்தை இடிக்கோணும், ரெண்டு நாளு வார்னிஷ் நிக்கும். சீசன் முடியட்டும்னாரு."

நான் நம்பவில்லை. ஸ்டோருக்குள் போனேன். காலி அட்டைப்பெட்டி இன்னும் கிடந்தது. மேலே ஒட்டியிருந்த லாரி ஆபீஸ் சீட்டில் பிப்ரவரி 11 என்று இருந்தது.

இதை ஏன் என்னிடம் சொல்கிறார் இந்த மனிதர்? இவருக்கு இதில் என்ன லாபம்?


ஏப்ரல் 7, வெள்ளி

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அண்ணா இரண்டு தடவை கேட்டுவிட்டார். நாள் முழுக்கத் தலைவலி.


ஏப்ரல் 9, ஞாயிறு

சாந்தாமணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்கப் போனேன். பூங்கொடி அங்கே இருந்தாள். சாந்தாமணிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வலது கை முழுக்கக் கட்டு. மேசை மேல் ஆப்பிளும் மாதுளையும் இருந்தன.

"அண்ணா வந்திருந்தாருங்க்கா" என்றாள் சாந்தாமணி. "நான் விரதம்னு சொல்லச் சொன்னாரு. சரின்னுட்டேன்."

"நீ சாப்பிட்டியே. என்ற உப்புமா."

"தெரியுமுங்க்கா. கை ஆறினதுக்கப்பறம் எனக்கு வேலை வேணுமே. இந்தக் கையை வெச்சுட்டு வேற எங்க போவேன்?"

பூங்கொடி தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்காவுக்கு அது கஷ்டமே இல்லை. அந்தப் பக்கம் என்ன கேட்டாலும் குடுப்பாங்க. என்ற பேரைக் குடுத்தாங்க. பதினோரு பேரைக் குடுத்தாங்க."

"நான் எதையும்..." என்று ஆரம்பித்தேன். பூங்கொடி குறுக்கிட்டாள்.

"அந்தத் தாளுல மேல என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"இல்லை."

"தலைவலியும் தலைசுத்தலும் இருக்கறவங்க பேரு. அவ்வளவுதான். டாக்டர்கிட்டக் குடுக்கறதுக்கு. சங்கமும் இல்லை, மண்ணும் இல்லை. நீங்க தெனமும் நெத்தியை அமுக்கறதை நாங்களும் பாத்துட்டுத்தான் இருந்தோம். பன்னெண்டாவதா உங்க பேரையும் எழுதலாமான்னு பேசினோம். கடைசில பயந்துட்டு விட்டுட்டோம்."

நான் எழுந்துகொண்டேன். ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்திருக்கிறேன். என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. மன்னிப்புக் கேட்டதாக நினைவு. பூங்கொடி தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.


ஏப்ரல் 10, திங்கள்

காலையில் டிஸ்பென்சரி. எல்லாத் தேதியையும் வரிசையாகப் போட்டு, தலைவலி நேரத்தை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு போனேன். இந்த நோட்டை யாரிடம் காட்ட முடியும்?

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். பேனாவால் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வட்டம் போட்டார்.

"இந்த நாளெல்லாம் ஏன் காலியா இருக்கு?"

"அன்னிக்கு லீவுங்க டாக்டர்."

"தலைவலிக்குமா லீவு?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கே வேலை, என்ன வேலை, அங்கே என்னென்ன வாசனை வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். என் பஸ் மூன்று போய்விட்டது. நான்காவதில் ஏறினேன்.


ஏப்ரல் 11, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் வந்தார். நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். வார்னிஷ் ரூமில் புது பெயிண்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிட்டார். அண்ணாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கதவு. அண்ணா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்.

"சம்பவத்தன்னிக்கு ஃபேன் ஓடிச்சாம்மா?"

"இல்லீங்க."

"எத்தனை நாளா ஓடலை?"

"பொங்கல்ல இருந்துங்க. புது ஃபேன் பிப்ரவரிலயே வந்துருச்சு. ஸ்டோர்ல பெட்டி இருக்குதுங்க. சீட்டுல தேதி இருக்குது."

"அந்தம்மா விரதம் இருந்ததாச் சொல்றாங்களே? அவங்களே சொல்லியிருக்காங்க."

"என்ற உப்புமாவில பாதி சாப்பிட்டாங்க. ஒன்பதரை மணிக்கு."

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"முடியலைன்னு தெரிஞ்சும் அவங்களை உள்ள அனுப்பினது யாரு?"

அண்ணாவின் முதுகு தெரிந்தது. அவர் சொல்லித்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"நானுங்க" என்றேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது அண்ணா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தாண்டிச் சத்தம் வெளியே கேட்காது. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது.


ஏப்ரல் 13, வியாழன்

அண்ணா கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. காபியும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை சாந்தாமணி ஊட்டுக்குப் போயிருந்தீங்களாமா. ஒன்றரை மணி நேரம். பூங்கொடியும் இருந்திருக்கா."

என்னை அவர் 'நீங்க' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதைக் கவனிப்பதற்குள் அடுத்தது உறைத்தது. அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அல்லது தெருவில் யாராவது நின்றிருக்க வேண்டும்.

"என்னைப் பாக்கறதுக்கும் ஆள் வெச்சிருந்தீங்களாண்ணா?"

அவர் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"நானும் மில்லுல வேலை செஞ்சவன்தானுங்க. இருபத்தி நாலு வயசுல ஸ்ட்ரைக்குல முன்னாடி நின்னவன். கூட நின்னவனே என்ற பேரைக் கொண்டுபோய்க் குடுத்தான். வெளிய தள்ளிட்டாங்க. அப்ப ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். யாரையும் முழுசா நம்பக் கூடாது. அந்தப் பக்கம் இருந்தாலும் சரி, இந்தப் பக்கம் வந்தாலும் சரி."

"அப்ப ஃபேனை ஏன் மாட்டலை? அது நம்பிக்கை சமாச்சாரம் இல்லையேண்ணா. செவுத்துல ஒரு ஓட்டைதானே."

அவர் பேப்பர் வெயிட்டை ஓரமாக வைத்தார். பிறகு, "ரெண்டு நாளு நின்னிருந்தா ஆர்டர் போயிருக்கும்னு பயந்துட்டேன்" என்றார். "நீங்கெல்லாம் சும்மா சொல்றீங்கன்னும் நினைச்சேன். ரெண்டும் நெஜம்."

அவர் என்னிடம் உண்மை பேசுகிறார் என்று தோன்றியது. இன்று ஏன் உண்மை பேசுகிறார் என்றும் தோன்றியது.


ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. லீவு. தலைவலி இல்லை. பாயசம் வைத்தேன், திரிந்துவிட்டது.


ஏப்ரல் 24, திங்கள்

இன்ஸ்பெக்டர் உத்தரவில் வார்னிஷ் ரூமை ஒரு வாரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்றுதான் திறந்தார்கள். ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கியாகிவிட்டது. உயரமாக ஒரு புகைக்குழாயும் போட்டிருக்கிறார்கள். பின் வீட்டுக்காரர்களிடம் அண்ணாவே போய்ப் பேசினாராம். கம்பெனி மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள். சீல் வைக்கவில்லை. நாற்பது குடும்பமும் தெருவுக்கு வரவில்லை. திருச்சி ஆர்டர் மட்டும் கைவிட்டுப் போய்விட்டது.

பூங்கொடி வைண்டிங்குக்குத் திரும்பி வந்துவிட்டாள். நான் சூப்பர்வைசர் இல்லை. மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்து காயில் சுற்றச் சொல்லிவிட்டார்கள். புது சூப்பர்வைசர் கணேசமூர்த்தி.

அவர் என் பக்கம் வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க்கா" என்றார். எதைத் தப்பாக நினைக்கக் கூடாது என்று கேட்கவில்லை. அவர் வீடு சாந்தாமணி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான்.


மே 3, புதன்

பதினொரு வருஷம் கழித்துக் காயில் சுற்றுகிறேன். விரல் நுனியெல்லாம் கம்பி கிழித்துவிட்டது. ஒரு நாளைக்கு நான் சுற்றுவது பூங்கொடி சுற்றுவதில் பாதி.

சாயந்தரம் பூங்கொடி கூடவே நடந்து வந்தாள்.

"சங்கம் வெக்கறோம். இப்ப நெஜமாலுமே. மொதலாளி சொல்லிச் சொல்லியே எங்களுக்கு யோசனை வந்துருச்சு. நீங்களும் வாங்க."

"என்னை நம்பறீங்களா?"

"இல்லீங்க்கா." அவள் தயங்கவே இல்லை. "இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்க சொன்னது எழுத்துல இருக்குது. அதை நீங்க திருப்பி எடுக்க முடியாது. அது போதும்."

கோபம் வரவேண்டும். வரவில்லை. சேர்கிறேன் என்றேன்.


மே 19, வெள்ளி

முதல் பேச்சுவார்த்தை. அண்ணா ஆபீசில் மேசையின் அந்தப் பக்கம் அவரும் அவருடைய வக்கீலும். இந்தப் பக்கம் பூங்கொடி, நான், கட்டுப் பிரித்த கையோடு சாந்தாமணி. விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. அவளுக்குப் பேக்கிங்கில் உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. வார்னிஷ் ரூமில் ஒருவர் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. முகமூடி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. ஃபேன் நின்றால் வார்னிஷும் நிற்கவேண்டும்.

அண்ணா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "எல்லாம் பண்ணிக் குடுக்கறேன். என்ற வாக்கு போதாதா? பதினெட்டு வருஷம் பாத்திருக்கீங்க."

"போதாதுங்கண்ணா. எழுதிக் குடுங்க."

அவர் முகம் சிவந்தது. டெங்குவும் காரும் எனக்கு ஞாபகம் வந்தன. அவருக்கும் வந்திருக்கும். சொல்லிக்காட்டவில்லை. அதற்கு நன்றி.

"அப்ப நீங்களும் எழுதிக் குடுங்க" என்றார். "ஏதாச்சும் குறைன்னா இன்ஸ்பெக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட எழுத்துல குடுக்கோணும். ஏழு நாளு டைம் வேணும்."

"ஏழு நாளுல எத்தனை பேரு விழுவாங்கன்னு தெரியுமுங்களா?" என்றாள் பூங்கொடி.

ஒரு மணி நேரம் இழுத்தது. வக்கீல் ஐந்து என்றார். நாங்கள் ஒன்று என்றோம். கடைசியில் இரண்டு நாள். உயிருக்கு ஆபத்தானது என்றால் காத்திருக்கவே வேண்டாம். அந்த வரியை அவர் கையாலேயே சேர்த்து எழுதினார். அவர் பக்கம் அவரும் எங்கள் பக்கம் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். சாந்தாமணி இடது கையால் போட்டாள். அது கையெழுத்து மாதிரியே இல்லை. வக்கீல் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார். "வேண்டாம், அது போதும்" என்றார் அண்ணா.

எழுந்துகொள்ளும்போது, "தலைவலி இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"பரவாயில்லீங்கண்ணா" என்றேன். அக்கறையாகக் கேட்டாரா, கேஸுக்காகக் கேட்டாரா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் தாளைக் காட்டினேன். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இப்பவாச்சும் தெரிஞ்சுதா? மொதலாளின்னா எதிரிதான்."

"எதிரி இத்தனை எழுதிக் குடுப்பாரா?"

"அப்ப என்னங்கற? அண்ணனா?"

"அண்ணனா இருந்தா நான் எழுதி வாங்கியிருப்பனா?"

இவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

அங்கே பேசிய வார்த்தையும் எழுதிய வார்த்தையும் ஒன்றுதானா என்று வரிவரியாகப் படித்தேன். எதுவும் மாறவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டப் போனவள், திரும்ப எடுத்து இன்னொரு தடவை படித்தேன்.